ஒன்பதாவது விதி

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. புஷ்பலதா அக்கா சொல்லிக் கேட்டது. புஷ்பலதா அக்காவுக்கு அவருடைய தோழி வீரம்மா சொன்னது. சில இடங்களை வீரம்மாவின் கணவர் உடையப்பனே பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, ஒத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு வாய் தாண்டி வந்த கதை. எங்கேயாவது உப்பு கூடியிருந்தால் அது வழியில் விழுந்தது; நான் போட்டதல்ல.

உடையப்பன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் ஒரு முடிவு எடுத்தார். இனிமேல் யாருக்கும் பதில் சொல்வதில்லை. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் சூப்பர்வைசர். அந்தப் பெட்டி எங்கே, இந்த ஆணி எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே நாக்கு தேய்ந்துவிட்டது. இனி நாற்காலி, தேத்தண்ணி, தமிழ்ப் பேப்பர். அவ்வளவுதான் வாழ்க்கை.

அந்த வாழ்க்கை பதினோரு நிமிஷம் நீடித்தது.

"ஏங்க, உங்கள ஒரு கிளாஸ்ல சேத்து விட்டுட்டேன்," என்றார் வீரம்மா, தட்டில் தோசையைப் போட்டபடி.

"என்ன கிளாஸ்? யோகாவா?"

"இலக்கியம்."

பிய்த்த தோசை தட்டுக்கே திரும்பியது.

"வயசானவங்களுக்குன்னே ஆன்லைன்ல நடத்துறாங்க. சனிக்கிழம காலைல பத்து மணி. ஆறு மாசம். நம்ம பொண்ணு தினேஸ்வரிதான் கோலாலம்பூர்லேந்து உங்க பேரப் பதிஞ்சு விட்டா."

"எனக்கு எதுக்குலா இலக்கியம்?"

"பின்ன? கல்யாணம் ஆன நாளா பாக்குறேன். காலைல ஒரு மணி நேரம் பேப்பர விட்டுத் தல நிமிர மாட்டேங்குறீங்க. இவ்ளோ படிக்கிற மனுசன் வீட்டுல சும்மா குந்தியிருந்தா எனக்குதான பாவம்?"

உடையப்பன் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். பேப்பர் அவரைப் பார்த்தது. இருவருக்கும் நடுவே இருபத்தெட்டு வருஷத்து ரகசியம் ஒன்று இருந்தது.

உடையப்பனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

பேசுவார். பாடுவார். கோயிலில் பஜனை என்றால் நாற்பது பாட்டு புத்தகம் இல்லாமல் வரும். ஆனால் எழுத்து தெரியாது. சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ஆறு வயதில் அவர் அப்பா பால்மரத்தை விட்டுவிட்டு லூமுட் படகுத்துறைக்கு மூட்டை தூக்கப் போனார். குடியேறிய வீட்டுக்குப் பக்கத்தில் மலாய்ப் பள்ளி. தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முடிவெடுக்க அப்பாவுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மலாய் எழுதுவார், ஆங்கிலம் சமாளிப்பார். தமிழில் தன் பெயரையும், கோயில் வாசலில் இருக்கும் 'ஓம்' என்பதையும் அடையாளம் தெரியும். அதுவும் உருவத்தை வைத்து, ஆளை முகத்தை வைத்துக் கண்டுபிடிப்பது போல.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மலேசியாவில் அப்படிப் பல பேர் இருக்கிறார்கள். சொல்லிவிட்டால் முடிந்தது. உடையப்பனால் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் நாலு கடிதம்.

தொண்ணூற்றாறில் பீடோரில் பெண் பார்த்துவிட்டு வந்தார்கள். பெண் வீரம்மா. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்துவிட்டு, அதன் பிறகு கையில் கிடைத்த தாளையெல்லாம் படித்தவர். சாமான் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் சாமானை எடுப்பாராம். அவர் ஒரே நிபந்தனைதான் போட்டார். "மாப்ள எனக்கு லெட்டர் போடட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

உடையப்பன் ஓடியது இராமசாமியிடம். ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்ட், உயிர்த்தோழன். இராமசாமிக்கு முத்து முத்தான கையெழுத்து. அவரைக் கட்டிக்கொண்டவர்தான் பின்னாளில் இந்தக் கதையை எனக்குச் சொன்ன புஷ்பலதா அக்கா. இராமசாமி நாலு கடிதம் எழுதிக் கொடுத்தார். 'பீடோரில் பெய்யும் மழை ஈப்போவில் என்னை நனைக்கிறது' என்று ஒரு வரி. வீரம்மா சரி என்றுவிட்டார்.

அந்த நாலு கடிதமும் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. தாமான் குடியிருப்பில் யார் வீட்டு நிச்சயதார்த்தம் என்றாலும் வீரம்மா கூட்டத்தின் நடுவே சொல்வார்: "எங்க வீட்டுக்காரரு மொகத்தப் பாத்தா நான் சரின்னேன்? எழுத்தப் பாத்துலா சரின்னேன்!" எல்லோரும் சிரிப்பார்கள். உடையப்பன் அந்த நேரத்தில் தன் கால் கட்டைவிரலை மிகவும் கவனமாகப் பார்ப்பார்.

படிக்கத் தெரியாது என்று சொன்னால் அந்த நாலு கடிதமும் சாயும். அதன்மேல் நிற்கும் கல்யாணம் என்ன ஆகும் என்பதை அவர் யோசிக்கத் துணியவில்லை. ஆகவே பேப்பர் வாங்கினார். தினமும் ஒரு மணி நேரம் படம் பார்த்தார். சரியான இடைவெளியில் பக்கம் புரட்டினார். நடுநடுவே "ச்சே, நாடு எங்க போவுது" என்றார். நாடு எங்கே போனாலும் அது பொருந்தியது.

இப்போது இலக்கியம் வந்து வாசலில் நிற்கிறது.

*

மூன்றாம் நாள் வீரம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓரமில்லாமல் நெருக்கி அடித்த தமிழ்.

"வகுப்போட விதிமுறைங்க. தினேஸ்வரி அனுப்புனா, நான் கடைல அச்செடுத்தேன். படிச்சுப் பாத்துட்டு அடியில கையெழுத்து போடணும். சின்சாயா, ஏனோதானோன்னு போட்டுறாதீங்க. நிதானமா படிங்க."

உடையப்பன் நிதானமாகப் படித்தார். அதாவது, மூன்று நிமிஷம் தாளைப் பார்த்தார். இரண்டு முறை தலையாட்டினார். ஒருமுறை புருவத்தைத் தூக்கினார். விதிகளின் வரிசைகூட முதலாம், இரண்டாம் என்று எழுத்தில் இருந்தது. 1, 2, 3 என்று போட்டிருந்தால் அந்த மனிதர் அன்றைக்கே தப்பித்திருப்பார்.

"ம். சரியாத்தான் எழுதியிருக்கான்," என்று கையெழுத்துப் போட்டார்.

"ஒன்பதாவது விதியப் பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன்."

"கஷ்டம் இல்லையே?"

"இதுல என்னா கஷ்டம்? நல்ல விதிதான்."

"நான்கூட நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு பயந்தேன்லா," என்று வீரம்மா தாளை மடித்துக்கொண்டார். "வாரா வாரம் பாடத்துலேந்து ஒரு பக்கத்த வீட்டு ஆளுங்க முன்னால சத்தமா படிச்சுக் காட்டணும். கேட்டவங்க கையெழுத்து போடணும். நம்ம வீட்டுல நான்தான் ஆளு. வர்ற வெள்ளிக்கிழமைலேந்து ஆரம்பிச்சிரலாம், என்ன?"

உடையப்பன் நல்ல விதி என்று சொல்லி இன்னும் ஒரு நிமிஷம் ஆகவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

*

முதல் வெள்ளிக்கிழமை அவருக்குத் தொண்டை கட்டியது. புதன்கிழமையே கட்ட ஆரம்பித்து, வெள்ளிக்கிழமை காலையில் குரல் முழுதாகப் போய்விட்டது. சைகையில் தேத்தண்ணி கேட்டார். சைகையில் சீனி போதாது என்றார்.

வீரம்மா பதறவில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, இன்னும் என்னவோ போட்டுக் காய்ச்சி ஒரு குவளை கொண்டுவந்து வைத்தார். நாளைக்கு மூன்று குவளை. நாலு நாள். ஐந்தாம் நாள் உடையப்பனுக்குக் குரல் தானாக வந்தது. "போதும் வீரம்மா" என்பதுதான் முதல் வார்த்தை.

"வந்துருச்சா? நல்லதாப் போச்சு. நாலாவது விதிப்படி, உடம்பு முடியாம விட்டா மறு வாரம் ரெண்டு பக்கம். ஞாபகம் இருக்குல?"

"இருக்கு," என்றார் உடையப்பன். இல்லாததை இருக்கிறது என்று சொல்லிப் பழகிய வாய்.

இரண்டாம் வாரம் கண்ணாடி உடைந்தது. நாற்காலியில் வைத்து, பார்த்து, குறி தவறாமல் அதன்மேல் உட்கார்ந்தார். ஒருமுறை உட்கார்ந்ததில் உடையவில்லை. எழுந்து இன்னொரு முறை உட்கார வேண்டியிருந்தது. வீரம்மா அன்று மதியமே அவரைக் கடைக்கு அழைத்துப்போய் ஒன்றுக்கு இரண்டாகக் கண்ணாடி வாங்கிவந்தார்.

"ஒண்ணு உக்கார, ஒண்ணு படிக்க," என்றார்.

மூன்றாம் வாரம் உடையப்பன் மூளையைப் பயன்படுத்தினார். தாளைப் படம் எடுத்தால் சத்தமாகப் படித்துக் காட்டும் செயலி போனில் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குழாயைத் திறந்துவிட்டார். போன் படிக்க, காதில் வைத்துக் கேட்டு மனப்பாடம் செய்தார். நாற்பது பஜனைப் பாட்டைக் கேட்டே பிடித்த மண்டை. இரண்டு பக்கமும் முக்கால் மணி நேரத்தில் உள்ளே போய்விட்டது.

வெளியே வந்து, ஈரக் காலோடு நாற்காலியில் உட்கார்ந்து, தாளைக் கையில் பிடித்து, புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"பக்கம் பன்னிரண்டு. பங்கேற்பாளர்களின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். மழை விட்டிருந்தது. மாரியாயி கதவைத் திறந்தாள்..."

மூச்சு விடாமல் ஒப்பித்தார். ஒரு எழுத்து சறுக்கவில்லை. வீரம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

"அருமைங்க. ஆனா, ரயில் ஸ்டேசன்ல 'அடுத்து வரும் ரயில்'னு சொல்லுவாங்கல்ல, அந்த மாரி இருக்கு."

"அது... அச்சு அப்படி."

"இருக்கும். அந்த மூணாவது பத்திய மட்டும் இன்னொரு தடவ படிங்களேன். அவ சாவியத் தேடுற எடம்."

உடையப்பன் தாளைப் பார்த்தார். சாவி எந்த இடத்தில் இருக்கிறது என்று மாரியாயிக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? ஒரே வழிதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் முதலிலிருந்து வேகமாக ஓடவிட்டார். உதடு மட்டும் அசைந்தது. பக்கம் பன்னிரண்டு, பங்கேற்பாளர்கள், மழை, மாரியாயி...

"என்னாங்க, சாமி கும்புடுறீங்களா?"

"இரு, வருது."

"எங்கேந்து வருது? கைல இருக்குற தாள்லேந்தா?"

அவருக்குக் காது மடல் சுட்டது. வீரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஆறாவது விதிய மறந்துறாதீங்க. அடுத்த மாசத்துலேந்து எந்தப் பக்கம்னு நான்தான் காட்டுவேன். முன்னாடியே பாக்கக் கூடாது."

*

இதில் வேதனை என்னவென்றால், சனிக்கிழமை வகுப்பு உடையப்பனுக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஆசிரியை பெயர் நித்யகல்யாணி. இளவயது. கதையைத் தன் வாயால் சொல்லிவிட்டு, "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்பார். திரையில் கட்டம் கட்டமாக இருபத்திரண்டு தலைகள். பெரும்பாலும் படித்தவர்கள். பெத்தபெருமாள் என்று ஒரு ஓய்வுபெற்ற வக்கீல், பின்னால் அலமாரி நிறையப் புத்தகம் தெரியும்படி உட்கார்ந்திருப்பார். உடையப்பனுக்குப் பின்னால் குளிர்பெட்டி தெரியும்.

நாலாவது வாரம் ஒரு தோட்டத்துக் கதை. விடிகாலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்தி, கங்காணி பெயர் கூப்பிடுகிறார். வராத நண்பனுக்காக ஒருவன் "வந்தேன்" என்று குரல் கொடுத்துவிடுகிறான். யாரும் கவனிக்கவில்லை. அவன் அன்று முழுவதும் தலைநிமிராமல் பால் வெட்டுகிறான். ஏன் என்று கேட்டார் ஆசிரியை.

வக்கீல் சமுதாயம், சுரண்டல் என்று ஆறு நிமிஷம் பேசினார். உடையப்பனுக்கு எங்கிருந்து வந்ததோ, ஒலிவாங்கியைத் திறந்துவிட்டார்.

"அவன் பொய் சொன்னதுக்கு வெக்கப்படல டீச்சர். கங்காணி நம்பிட்டாரேன்னு வெக்கப்படுறான். கண்டுபிடிச்சு நாலு வார்த்த திட்டியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நம்பிட்டா, நாளைக்கும் அவன்தான் 'வந்தேன்'னு சொல்லணும்."

வக்கீல்கூடக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உடையப்பன் ஐயா," என்றார் ஆசிரியை, "எவ்வளவு ஆழமான வாசிப்பு! இந்தக் கதையை எத்தனை தடவை படிச்சீங்க?"

"ஒரு தடவகூட..." என்று உண்மை பாதி வெளியே வந்துவிட்டது. மீதியைப் பிடித்து இழுத்து, "ஒரு தடவகூட முழுசா மனசு விடல டீச்சர்," என்று முடித்தார்.

அதற்கும் கைதட்டினார்கள்.

பாராட்டு இப்படி உறைக்கும் என்று அவருக்குத் தெரியாது. அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆழமான வாசிப்பு, ஆழமான வாசிப்பு என்று யாரோ காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மற்றவர்களும் இப்படித்தான் வீட்டில் படித்துக் காட்டி மாட்டிக்கொள்கிறார்களா என்று அந்த வக்கீலைக் கேட்கலாம் போலிருந்தது. எப்படிக் கேட்பது? கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார். வகுப்பின் வாட்சப் குழுவும் வீரம்மாவின் போனில்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து உடையப்பன் இராமசாமி வீட்டுக்குப் போனார். புஷ்பலதா அக்கா உள்ளே இருந்ததால் நண்பரைத் தெருமுனையில் தேத்தண்ணி விற்கும் ஒட்டுக்கடைக்கு இழுத்துவந்தார்.

"மச்சான், எனக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடு."

இராமசாமி தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "இந்த வயசுலயா? பேசாம வீரம்மாகிட்ட சொல்லிருலா."

"சொன்னா லெட்டர் வெளிய வந்துரும். நீயும்தான் மாட்டுவ."

இராமசாமிக்கு என்னவோ உறைத்தது. சற்று அவசரமாகவே, "சரி சரி, நாளைக்கே ஆரம்பிச்சிரலாம்," என்றார். அந்த அவசரம் எதற்கென்று உடையப்பன் அப்போது யோசிக்கவில்லை.

வீட்டில் 'நடைப்பயிற்சி' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். நடை ஒட்டுக்கடையின் பின்மேசையில் முடியும். மலாய்ப் பேப்பரை விரித்து, அதற்குள்ளே முதலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். கடைக்காரர் ஜெயபாலன் கிட்டே வந்தால் பேப்பரை மூடிக்கொள்வார். ஒருநாள் ஜெயபாலன் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு பேரும் தெனம் இப்படிப் பேப்பருக்குள்ள என்னா பாக்குறீங்க? குடும்பஸ்தங்க வந்து போற கட இது."

ஐம்பத்தெட்டு வயதில் அந்தப் பழியையும் உடையப்பன் ஏற்றுக்கொண்டார். 'அணில், ஆடு' என்று காட்டுவதைவிட அது கௌரவமாகத் தெரிந்தது.

மெதுவாக வந்தது. உயிர்மெய் எழுத்துகள் பிடிபட இரண்டு மாசம். வெள்ளிக்கிழமைகளில் வீரம்மா விரல் வைத்துக் காட்டும் பக்கம் என்னவோ தோதாகவே அமைந்தது. ஒரு வாரம் பெரிய எழுத்துப் பக்கம். ஒரு வாரம் வசனம் மட்டும் இருக்கும் பக்கம். ஒரு வாரம் பாதிப் பக்கம் படம். "ஏழாவது விதி, திக்குனா தப்பில்ல," என்றார். "எட்டாவது விதி, மூணு வார்த்த வரைக்கும் பக்கத்துல உள்ளவங்கள கேட்டுக்கலாம்." இவ்வளவு இரக்கமான விதிகளை எழுதியவர் யாரோ, அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று உடையப்பன் மனசார நினைத்துக்கொண்டார்.

*

ஜூலை மாசக் கடைசி வெள்ளிக்கிழமை. வீரம்மா புதுக் கதையில் ஒரு பக்கத்தைத் திருப்பி, "இது," என்றார். படமில்லை. பெரிய எழுத்தில்லை.

உடையப்பன் படித்தார். விரலை வரிக்கடியில் வைக்காமல் படித்தார். ஓர் இடத்தில் தடுக்கியது. நின்று, எழுத்துக்கூட்டி, அவரே தாண்டினார். கடைசி வரி முடிந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ரயில் நிலையம் இல்லை. மனுஷக் குரல்.

வீரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு மீன் வாங்கப் பசாருக்குக் கிளம்பினார்.

தனியாக விடப்பட்ட உடையப்பனுக்குப் பைத்தியம் பிடித்தது. வீடு முழுக்கச் சுற்றிப் படித்தார். அரிசிப் பையைப் படித்தார். நாள்காட்டியில் இராகு காலத்தைப் படித்தார். தைல பாட்டிலின் பின்பக்கத்தில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று இருப்பதைப் படித்துவிட்டு, இத்தனை வருஷம் அதைத் தேத்தண்ணியில் இரண்டு சொட்டு விட்டுக் குடித்ததை நினைத்து வயிற்றைத் தடவிக்கொண்டார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'கோயில் துணைச் செயலாளர் உடையப்பன்' என்று தன் பெயர் தானாகக் கண்ணில் விழுந்தபோது, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு, படிக்க வேறு ஒன்றும் இல்லாமல், வீரம்மாவின் மேசை இழுப்பறையைத் திறந்தார். மேலாக அந்த விதிமுறைத் தாள் இருந்தது. அடியில் அவருடைய கையெழுத்து.

முதலாம் விதி: நேரத்துக்கு வர வேண்டும். ஏன், எதற்கு என்று நீளமாக ஒரு பத்தி. இரண்டாம் விதி: பிறர் பேசும்போது ஒலிவாங்கியை மூடிவைக்க வேண்டும். மூன்றாம் விதி: பாடங்களை வெளியாருக்கு அனுப்பக் கூடாது. அத்துடன் தாள் முடிந்தது.

திருப்பினார். பின்பக்கம் 'நல்வரவு' என்று ஒரு நீண்ட வாழ்த்து. மறுபடி முன்பக்கம். மூன்று. எப்படி எண்ணினாலும் மூன்றுதான்.

வீரம்மா மீனோடு உள்ளே நுழைந்தபோது உடையப்பன் நடு ஹாலில், தாளைப் போலீஸ்காரர் சம்மன் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வீரம்மா! எங்க ஒன்பதாவது விதி?"

வீரம்மா மீன் பையைக் கீழே வைத்தார்.

"இதுல மூணுதான் இருக்கு! நாலு எங்க? ஆறு எங்க? என்னைய ஆறு மாசமா ஏமாத்தியிருக்க! வீட்டுல படிச்சுக் காட்டணும்னு ஒரு எழுத்துகூட இதுல இல்ல!"

"இல்லதான்."

"ஒத்துக்குறியா?"

"ஒத்துக்குறேன். ஆனா ஏங்க," என்றார் வீரம்மா மிகவும் சாந்தமாக, "அன்னைக்கு மூணு நிமிசம் நிதானமா படிச்சிட்டு, புருவத்தத் தூக்கிக் கையெழுத்து போட்டீங்களே. அப்பவே கேட்டிருக்கலாமே?"

உடையப்பனின் கையிலிருந்த தாள் மெல்லக் கீழே இறங்கியது.

"எப்போலேந்து தெரியும்?" அவருக்குக் குரல் எழும்பவில்லை. இந்த முறை கஷாயத்தால் வரக்கூடிய குரல் இல்லை.

"தினேஸ்வரி வயித்துல இருந்தப்பலேந்து."

"அப்ப அந்த லெட்டரு..."

"யாரு எழுதுனா?"

அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். "இராமசாமி."

"தெரியும். புஷ்பலதா கல்யாணம் ஆகி வந்த புதுசுல, அவ மாப்ள போட்ட லெட்டர எல்லாம் பெருமையா எங்கிட்ட காட்டுனா. நாலு லெட்டரு. அவ ஊரு சிலிம் ரிவர்ல. 'சிலிம் ரிவரில் பெய்யும் மழை ஈப்போவில் என்னை நனைக்கிறது'ன்னு இருந்துச்சு. நான் வீட்டுக்கு வந்து நம்ம பீடோர் மழைய எடுத்துப் பாத்தேன். ஊரு மட்டும்தாங்க மாறியிருக்கு. கையெழுத்துகூட மாறல."

(இந்த இடத்தைச் சொல்லும்போது புஷ்பலதா அக்கா சிரிக்கவில்லை என்பதை நான் குறித்துக்கொள்ள வேண்டும்.)

உடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்தெட்டு வருஷம். ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம். அத்தனை காலையிலும் அவர் நாட்டைக் குறித்துக் கவலைப்பட்டபோது, இவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, புள்ள."

"சொல்லியிருந்தா? வெக்கத்துல வீட்ட விட்டே ஓடியிருப்பீங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். மேட எல்லாம் போட்டுக் குடுத்தேன். எத்தன கல்யாண வீட்டுல 'எழுத்தப் பாத்துத்தான் சரின்னேன்'னு ஒங்க மூஞ்சியப் பாத்தே சொன்னேன்! நீங்க கால் வெரலப் பாத்தீங்க."

"அப்ப... கோவம் இல்லையா?"

"ஒரு வருசம் இருந்துச்சு. நீங்க கவனிக்கல. நாடு எங்கயோ போயிட்டு இருந்துச்சுல."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். வீரம்மா மீன் பையைத் தூக்கினார். அடுப்படி வாசலில் நின்று திரும்பினார்.

"ஒண்ணு பாக்கி இருக்கு. பத்தாவது விதி."

"இன்னும் ஒண்ணா?"

"எனக்கு ஒரு லெட்டர் வரணும். ஒங்க கையெழுத்துல."

"அது எந்தத் தாள்ல இருக்கு?"

"நீங்க எழுதப் போற தாள்ல."

அந்தக் கடிதம் எழுத அவருக்கு நாலு நாள் ஆனது என்று கேள்வி. அதில் என்ன இருந்தது என்று புஷ்பலதா அக்காவுக்கும் தெரியவில்லை. வீரம்மா காட்டவில்லையாம். மழை இல்லை என்று மட்டும் சொன்னாராம்.

கதை இவ்வளவுதான். ஆனால் மூன்று விதிதான் என்பது எனக்குச் சற்று இடித்தது. தாளின் கடைசி வரி வரை எழுத்து இருந்தது என்று உடையப்பன் சொல்லியிருந்தார். ஆகவே அந்த வகுப்பின் இணையப் பக்கத்துக்குப் போய் விதிமுறைகளைத் திறந்து பார்த்தேன். வீரம்மா சொன்னவற்றில் ஒன்றுகூட அங்கே இல்லை. கையெழுத்துப் போட இடமும் இல்லை. வீரம்மா அச்செடுக்காத இரண்டாம் தாள் ஒன்று இருந்தது. அதில் ஒரே ஒரு விதி.

நான்காம் விதி: தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் இவ்வகுப்பில் சேரலாம், எல்லாப் பாடங்களும் ஒலிவடிவில் அனுப்பிவைக்கப்படும்.